மலை தெரியாத இடம்

ஒன்பது நாள்கள் நான் மனிதப் பிறவிதானா என்ற ஐயத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தேன். ஐயுற்றவர், தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டிப் பெரிய சாலையில் சொட்டுநீர்க் குழாய்களும் மோட்டார் உதிரிப் பாகங்களும் விற்ற ஒரு கடைக்காரப் பெண்மணி. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகளை வைக்க அலமாரியில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கத் தொடங்கியிருந்தேன். ‘அவையோரே’ என்று நான் தொடங்கினால் கடைசி வரிசையும் கைபேசியைக் கீழே வைக்கும். அப்படிப்பட்ட ஒருத்தியை எந்திரமோ என்று நினைத்தவரைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரே தம் பெயரை எங்கும் எழுதியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டக்காரர்களுக்காக அவர் தொடங்கி நடத்திய இணைய மன்றத்தில் அவருடைய அடையாளம் ‘கடை’ என்னும் ஒற்றைச் சொல்தான். திராட்சை, வாழை, ஏலம், தென்னை என்று எதில் நோய் கண்டாலும் அங்கே வந்து கேட்பார்கள். பட்டறிவு உடையவர்கள் விடை சொல்வார்கள். ‘கடை சொல்லிட்டாகளா?’ என்று கேட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழு இருக்கும்போது எதற்கு இந்த மன்றம் என்று கேட்டால், “குழுவுல நேத்து சொன்ன பதிலு இன்னைக்கிக் காலை வணக்கத்துக்கு அடியில போயிரும், இங்கன தேடுனா கெடைக்கும்” என்பார்.

மன்றம் என்று ஒன்று இருந்துவிட்டால் எந்திரக் கணக்குகளும் வந்துவிடும். அவற்றின் பின்னால் ஆள் இருப்பதில்லை. ஏதோ ஒரு நிரல், ஊர் ஊராக இருக்கும் மன்றங்களில் தானே பெயர் பதிந்துகொண்டு, மூட்டுவலித் தைலம், கூரைத் தகடு, வெளிநாட்டு வேலை என்று விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகும். அவற்றைத் தடுக்க அவர் வாசலில் ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தார்.

“இப்ப நீங்க இருக்கிற இடத்துல இருந்து பாத்தா கண்ணுக்கு என்ன தெரியுது?”

இதற்கு விடை எழுதி, அதை அவர் படித்து, ஏற்றுக்கொண்ட பிறகுதான் உள்ளே போய்ப் பழைய விடைகளைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் முடியும். நான் தோட்டக்காரியல்லேன். ‘இணையம் மனிதரை நெருங்க வைக்கிறதா, விலக வைக்கிறதா’ என்ற தலைப்பில் பேசுவதற்குச் சான்றுகள் தேடி வந்தவள். ஆகவே அந்தக் கேள்வியை ஒரு தலைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

“என் கண்களுக்குத் தெரிவன மலைகள் மட்டுமல்ல, அம்மலைகளின் மடியில் வியர்வை சிந்திய தலைமுறைகள் தெரிகின்றன. பசுமை தெரிகிறது, அப்பசுமைக்குப் பின்னால் பாடுபட்ட கைகள் தெரிகின்றன” என்று தொடங்கி இரண்டு பத்தி எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது: “சரி. ஆனா கண்ணுக்கு என்ன தெரியுது?”

நான் மூன்று பத்தி எழுதினேன். அதே கேள்வி மீண்டும் வந்தது. ஐந்து பத்தி எழுதினேன். அப்போதும் அதே கேள்விதான். ஒன்பதாம் நாள் நகரப் பேருந்தில் ஏறிக் கடைக்கே போய்விட்டேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய மூக்குக் கண்ணாடி, முன்னால் மடிக்கணினி, அதன் விசைகளின் இடுக்கில் படிந்த தூசியைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தார்.

“நான் எந்திரம் இல்லை” என்றேன். அதைவிடச் சிறந்த தொடக்கம் அந்த வெயிலில் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னைப் பார்த்தார். “மெசினா இருந்தா வெயில்ல வந்து சண்டை போடாது. உக்காருங்க தாயி. தண்ணி குடிக்கிறீகளா?”

“என் பதிலில் என்ன குறை அக்கா?”

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் மேலும் கீழுமாக இரண்டு பத்திகள். இரண்டிலும் மலைகள், இரண்டிலும் பசுமை, இரண்டிலும் ‘மட்டுமல்ல’.

“இதுல ஒண்ணு உங்களது. எது?”

நான் தயங்கவே இல்லை. கீழே இருந்ததைச் சுட்டினேன். சொற்கட்டும் ஏற்ற இறக்கமும் அதில்தான் சிறப்பாக இருந்தன.

“அது தைலக்காரரு எழுதுனது” என்றார். “மூட்டுவலிக்குத் தைலம் விக்கிறாகல்ல, அவுக. முந்தாநாளு வந்தாக. நல்லா எழுதுறாக, இல்ல?”

“அப்படியென்றால் என்னுடையது?”

“மேல இருக்கு. கொஞ்சம் நீளம்.”

என் வாழ்நாளில் நான் கேட்ட நடுவர் தீர்ப்புகளில் அதைவிடக் கொடியது எதுவுமில்லை. அதைச் சொன்னவர் முகத்தில் கேலியின் சாயலே இல்லாதது இன்னும் கொடுமை. “சரி, ஆளைப் பாத்தாச்சு. இனிக் கேள்வி எதுக்கு?” என்று ஒரு விசையைத் தட்டி என்னை உள்ளே விட்டார். அந்தக் கேள்விக்கு நான் விடையே சொல்லாமல் உள்ளே நுழைந்தவள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்று முதல் என்னைப் பற்றிக்கொண்டது பகையன்று, ஆவல். கல்லூரி முடிந்ததும் அந்தக் கடைக்குப் போய் உட்காரத் தொடங்கினேன். எந்திரங்களிடம் ஒரு மனிதர் ஏன் மரியாதையாகப் பேச வேண்டும் என்பதை அறிந்தே தீர வேண்டும் என்றிருந்தது எனக்கு.

மரியாதை என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எந்திரக் கணக்குகளை அவர் ‘அது’ என்று சொல்லிக் கேட்டதில்லை. “கூரைத்தகடு இன்னைக்கி ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாக” என்பார். “வெளிநாட்டு வேலைக்காரரக் காணோம், ஒரு வாரமாச்சு” என்பார், தெருவில் தினமும் பார்க்கும் ஆளைக் காணாத குரலில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பூட்டிய கடையின் மேல்மாடி வீட்டில் அமர்ந்து, வாரம் முழுக்க வாசலில் நின்ற எல்லாருக்கும் தனித்தனியே எழுதுவார். முதல் விடை பொருந்தாவிட்டால் இரண்டாம் கேள்வி. அதுவும் பொருந்தாவிட்டால் மூன்றாம் கேள்வி. அதன் பிறகே நீக்குவார். நீக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். வாடிக்கையாளர் கேட்ட சாமான் இல்லை என்று சொல்ல நேரும்போதும் அதே கோணல்தான்.

சில விடைகள் வேடிக்கையானவை. ஒரு கணக்கு, “என் சன்னலுக்கு வெளியே நீலக் கடலும் பாய்மரப் படகுகளும் தெரிகின்றன” என்று எழுதியது. ஊர் என்ற கட்டத்தில் தேனி என்று இருந்தது.

“இவுகளுக்கு என்ன எழுதப் போறீங்க அக்கா?”

“கடலு எந்தப் பக்கம்னு கேட்டிருக்கேன். நமக்கும் தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான, மீனாவது மலிவாக் கெடைக்கும்.”

கடல் எந்தப் பக்கம் என்று அந்தக் கணக்கு உண்மையிலேயே விடை அனுப்பியது: கிழக்கு. அவர் அதைப் படித்துவிட்டு, “பரவால்ல, நேரா போனா ராமநாதபுரம் பக்கம் வந்துரும்” என்று சற்று நேரம் யோசித்தார். பிறகுதான் நீக்கினார்.

போடியில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஒரு பெரியவர் மன்றத்தின் பழைய உறுப்பினர். கடைக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சீண்டுவார்.

“என்னம்மா, மெசினுகிட்ட வீடு வாசல் எல்லாம் வெசாரிச்சு முடிச்சாச்சா? மாப்பிள்ள பாக்குற மாதிரியில்ல இருக்கு.”

“நல்ல எடமா அமைஞ்சா சொல்றேன் அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் ரெண்டாவது பேத்தி இருக்குல்ல.”

“ஏத்தா, வெளாட்டு வேணாம். என் சோட்டுக்காரன், கூடப் படிச்சவன் ஒருத்தன் சேரணும்னு நாலு நாளா வாசல்ல நிக்கிறான். நீ கடலுக்கு வழி கேட்டுக்கிட்டு இருக்க. ஒரு படத்தப் போட்டு ‘இதுல பஸ்ஸு எது, லைட்டுக்கம்பம் எது’ன்னு கேட்டா முடிஞ்சு போச்சு. ஊரெல்லாம் அப்படித்தான வச்சிருக்கான்.”

அந்தப் பெரியவரின் கட்சியில்தான் நானும் இருந்தேன். மன்றத்தின் வாசலில் நிற்பவர், பெரும்பாலும் தோட்டத்தில் ஏதோ ஒன்று வாடிக்கொண்டிருப்பதால் வந்தவர். ஒரு நாள் தாமதம் என்பது ஒரு நாள் வாட்டம். அதை நான் கடைக்கார அக்காவிடம் நயமாக எடுத்துரைத்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்பதில் அவரைப் போல ஓர் அவை எனக்கு அமைந்ததில்லை.

“நீங்க சொல்றது நெசந்தான்” என்றார். “ஆனா தாயி, நூறு மெசினு உள்ள வந்துட்டா ஒக்காந்து அழிச்சுக்கலாம். ஒரு ஆள மெசினுன்னு வெளிய தள்ளிட்டா, அவுக மறுபடி வரவே மாட்டாக. அது ஒண்ணு மட்டும் இந்த மன்றத்துல நடக்கக்கூடாது. லேட்டானாலும் சரி, கேட்டுப் பாப்பம்.”

‘கேட்டுப் பாப்பம்.’ அவர் வாயிலிருந்து நாளொன்றுக்கு இருபது முறையாவது உதிரும் சொற்கள் அவை. அதன் ஊற்று எங்கே என்று தேடியவளுக்கு அது கடையிலேயே கிடைத்தது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாம் வாங்க வந்த சாமானின் பெயர் தெரியாது. ஒருமுறை ஒருவர் வந்து, வலக்கை விரல்களை வளையமாகக் குவித்து, இடக்கைச் சுட்டுவிரலை அதற்குள் விட்டுத் திருகிக் காட்டினார். “இது ஒண்ணு குடுங்க.”

பக்கத்துக் கடையாக இருந்தால் இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். இவர், “எங்கன மாட்டுறது?” என்று கேட்டார்.

“மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவுல.”

“தண்ணி எந்தப் பக்கம் போகும்?”

“மேல.”

“திரும்பிக் கீழ வராம இருக்கணுமா?”

“அதான், அதேதான் ஆத்தா!”

அடுத்த நொடி ஒரு வால்வு மேசைக்கு வந்தது. பெயர் தெரியாதவருக்கும் இடம் தெரியும் என்பதைத்தான் அந்தக் கடையில் அவர் நாள்தோறும் கண்டுகொண்டிருந்தார். வாசலில் வைத்த கேள்வியும் அந்த மேசையில் பிறந்ததே. ஆள் என்றால் ஏதோ ஓர் இடத்தில் நின்றாக வேண்டும்.

அந்தக் கேள்வி அவரைக் கைவிட்டதும் உண்டு. ஒருவன், கெங்குவார்பட்டியிலிருந்து, “கொடைக்கானல் மலை, அதுல ரோடு வளைவு, ஒரு பஸ்ஸு ஏறுது” என்று அழகாக விடை எழுதி உள்ளே வந்தான். வந்தவன் கொய்யா ஒட்டுக் கன்று என்று சொல்லி, ஒட்டே இல்லாத நாற்றுகளைப் பலருக்கு விற்றுவிட்டுக் காணாமல் போனான். போடிப் பெரியவர் கொதித்துப் போனார். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

“மலை தெரியுதுன்னு சொன்னவன்தான அக்கா ஏமாத்தினான்? உங்க கேள்வியால என்ன பயன்?”

அவருக்கும் அது வலித்தது. ஏமாந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி ஓய்ந்திருந்த நேரம். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “நான் ஆளான்னுதான கேட்டேன். நல்ல ஆளான்னு கேக்கலியே. அதுக்கு ஒரு கேள்வி இருந்தாச் சொல்லுங்க, வச்சுக்கிருவோம்.”

இன்று வரை அப்படியொரு கேள்வி எனக்கு அகப்படவில்லை.

ஐப்பசியில், அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவை என்று மூன்று நாள்கள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. தமிழில் விரைவாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் என்பதால் வாசலை என்னிடம் ஒப்படைத்தார். “அவசரப்படாதீக தாயி. மூணு தடவ கேட்டுப் பாருங்க” என்பது மட்டுமே அவர் சொல்லிப்போனது.

முதல் நாள் அமைதியாகக் கழிந்தது. இரண்டாம் நாள் காலை திறந்து பார்த்தால் வாசலில் நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகள். பெயர்கள் எல்லாம் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடந்தன. தொலைபேசிக் கட்டத்தில் ஏதேதோ பத்து இலக்கங்கள். எந்திரங்கள் அதையும் நிரப்பிவிடும் என்பதால் அந்தக் கட்டத்தை நான் பார்ப்பதே இல்லை. முதல் இருபது பேருக்கு அவர் வழியில் தனித்தனியாக எழுதினேன். அதற்குள் இன்னும் முப்பது சேர்ந்தன. அந்த நேரத்தில் எனக்கு ஒரு வாக்கியம் பிறந்தது. நல்ல வாக்கியம் பிறந்துவிட்டால் அதை நம்பாமல் இருக்க நான் பழகியிருக்கவில்லை.

‘இந்தப் பள்ளத்தாக்கில் எங்கு நின்றாலும் ஏதேனும் ஒரு பக்கம் மலை தெரியும். மலை தெரியாதவர் இங்கு நிற்பவர் அல்லர்.’

எவ்வளவு செப்பமான விதி! மேற்கே மலை, கிழக்கே மலை, தெற்கே மலை. மறுப்பதற்கு இடமேது? விடையில் மலை இருந்தால் மேற்கொண்டு கேட்பது. இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு நீக்குவது. பட்டியல் மளமளவென்று கரைந்தது. ஒரு கணக்கு ‘இலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. ‘நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினேன். ‘இலை’ என்று மீண்டும் வந்தது. நீக்குவதற்குள் மூன்றாவதாகவும் வந்தது: ‘இலைதான் தெரியுது.’ ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது எந்திரத்தின் இயல்பல்லவா? நீக்கினேன். அதே பெயரில் மறுபடி பதிய வந்ததை நிரந்தரமாகத் தடுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குள் வாசல் வெறிச்சோடிவிட்டது. என் வெற்றியை எண்ணி நானே ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன்.

நான்காம் நாள் காலை அவர் திரும்பி வந்தார். கடை திறந்ததும் நான் பெருமையுடன் என் விதியைச் சொன்னேன். அவர் நீக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். கூரைத்தகடு. கடன் தருபவர். தைலம். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இலைன்னு சொன்னவுகளுக்கு என்ன எழுதுனீக?”

“மூன்று முறையும் அதையேதான் சொன்னது அக்கா. எந்திரம்.”

“தாயி, மெசினு என்னைக்காவது ஒரு சொல்லோட நிறுத்திப் பாத்திருக்கீகளா?”

நான் வாய் திறப்பதற்குள் அவர் அந்தப் பத்து இலக்கங்களைக் கைபேசியில் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார். நெடுநேரம் மணி ஒலித்தது. பிறகு ஒரு பெண் குரல்.

“யாரு?”

“வணக்கம்மா, தோட்டக்காரர் மன்றத்துல இருந்து பேசுறேன். பழனிசெட்டிபட்டி.”

“எது, வெரட்டிவிட்ட மன்றமா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “ஆமா. அதேதான். எந்த ஊரு நீங்க?”

“ஓடைப்பட்டி.”

“என்ன கேக்க வந்தீக?”

“இப்பக் கேட்டு என்னக்கா செய்ய? பந்தல்ல திராட்சை இலை பூராம் வெள்ளை பூத்துருச்சு. ஒங்க மன்றத்துல கேளுன்னு சொன்னாக. கேக்க வந்தா, என்ன தெரியுது என்ன தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டு வெளிய தள்ளிவிட்டாக. சாம்பல் நோவுன்னு நெனச்சு நானே கந்தகம் தூவிவிட்டேன். ரெண்டு நாளாச்சு. நிக்கல. பிஞ்செல்லாம் கருகிக் கொட்டுது.”

“வெள்ளை இலைக்கு மேலயா, அடியிலயா?”

“அடியில.”

அந்த ஒரு சொல்லில் அவர் எழுந்துவிட்டார். மேலே வெள்ளை பூத்தால் ஒரு நோய், அடியில் பூத்தால் வேறொன்று. ஒன்றுக்குக் கேட்கும் கந்தகம் மற்றொன்றைத் தொடாது. மன்றத்தில் இருபது முறையாவது எழுதப்பட்ட செய்தி அது. உள்ளே விட்டிருந்தால் அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் கண்டெடுத்திருப்பார்.

வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, அந்தக் கடையின் கதவு இழுத்து மூடப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வீரபாண்டி தாண்டும் வரை பொறுத்திருந்தேன், அதற்குமேல் முடியவில்லை. விதி தவறில்லை என்றும், கணக்கின் பெயரே எந்திரத்தின் பெயர் போலிருந்தது என்றும், அந்த வெள்ளத்தில் யாராக இருந்தாலும் இதையே செய்திருப்பார்கள் என்றும் பின்னாலிருந்து வாதாடிக்கொண்டே போனேன்.

“காத்துல ஒண்ணும் காதுல விழுகல தாயி” என்றார்.

சின்னமனூர் போய் ஓடைப்பட்டிக்குத் திரும்பினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேகமலை, தன் பெயருக்கேற்ப மேகத்துக்குள் பாதியாக நின்றது. மலை தெரிகிறதே என்று அப்போதும் என் மனம் ஒரு சான்றைக் குறித்து வைத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். கணவர் வெளியூரில் லாரி ஓட்டப் போய்விட்டதால் அந்த ஆண்டுதான் முதல்முறையாகத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறார். பந்தல் தாழ்ந்திருந்தது, குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. அவர் ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுதும் பஞ்சு ஒட்டியது போல வெண்மை. காலடியில் கருகிய பிஞ்சுகள் மிளகு கொட்டியது போலக் கிடந்தன.

‘கடை’ கேள்விகள் கேட்டார். எந்தப் பக்கம் முதலில் கண்டது, எத்தனை வரிசை, கிளை வெட்டிக் கவாத்து செய்து எத்தனை நாள். கேட்டுக்கொண்டே, மன்றத்தில் இருந்த ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவரை அழைத்து மருந்தும் அளவும் கேட்டு, அந்தப் பெண்ணைக் கொண்டே எழுத வைத்தார்.

“மேக்கால இருக்கிறதக் காப்பாத்திரலாம்ங்கிறாக” என்றார் கடைசியில். “கெழக்கால இருக்கிறது…” உதடு ஒரு பக்கம் கோணியது.

“அது போச்சு. எனக்கே தெரியும்” என்றார் அந்தப் பெண். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் கேள்வி கேட்டவுகளா?”

“ஆமாம்.”

“மூணு தடவ எழுதுனேன். மூணு தடவையும் பாத்துட்டுத்தான் சொன்னேன்.” குரலில் கோபம் கூட இல்லை; புரியாமைதான் இருந்தது. “நான் பொய் சொல்லலியே.”

நடுவர் மணியடித்தாலும் நிறுத்தாத நான், வாதத்துக்குச் சான்றாக மலையைத் தேடுபவளைப் போல நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு ஒரு சாண் மேலே பந்தல். நான்கு பக்கமும் அதே. வானம் ஊசிமுனை அளவுக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தது. மலை எந்தத் திசையிலும் இல்லை.

“என்ன தெரியுது தாயி?” என்றார் ‘கடை’. வாசலில் ஒன்பது நாள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. கூடுதலாக ஒன்றும் இல்லை.

“இலை” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குக் குனிந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பேன்.

அன்று மாலை மன்றத்தின் முகப்பில் அவர் எழுதினார்: “ஒரு ஆளை மெசின் என்று நினைத்து மன்றம் வெளியே தள்ளிவிட்டது. அவருடைய பாதித் தோட்டம் போய்விட்டது. தப்பு மன்றத்தினுடையது.” என் பெயரோ அடையாளமோ அதில் இல்லை. அதற்குக் கீழே போடிப் பெரியவர், “யாரு அந்த அதிமேதாவி?” என்று கேட்டிருந்தார். நான் விளக்கம் எழுதினேன், அழித்தேன். சூழ்நிலையை விவரித்து எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் ‘நான்தான்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

“நீ எழுதுனதுலயே இதுதான் வெளங்குது” என்று பதில் வந்தது பெரியவரிடமிருந்து.

மேற்குப் பாதி தப்பியது. அறுவடையன்று அந்தப் பெண் இரண்டு குலைகளைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் அப்போது ஒரு போட்டிக்காகத் திருச்சியில் இருந்தேன். அடுத்த ஆண்டு, ‘கடை’யின் அம்மாவுக்குப் பார்வை மேலும் மங்கியதால், கடையை உறவினரிடம் விட்டுவிட்டு அவர் நாகர்கோவிலில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போகும் முன் மன்றத்தின் வாசலை ஒருவரிடம் ஒப்படைத்தார். வேகமாகத் தட்டச்சு செய்பவள், இலக்கணம் அறிந்தவள், நாள்தோறும் பேருந்தில் வந்து உதவக் காத்திருந்தவள் நான். ஒப்படைத்தது என்னிடம் அல்ல. ஓடைப்பட்டிப் பெண்ணிடம்.

அப்போது எனக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைப்பானேன்? மன்றத்திலிருந்து விலகியும்விட்டேன்.

சென்ற மாதம், வேறொரு நகரில், விடுதி அறையில் ஓர் உரைக்குக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தபோது, ‘கடை’ எழுதிய பழைய விடைகளை ஒருமுறை படிக்க வேண்டும் போலிருந்தது. கணக்கு காலாவதியாகியிருந்தது. புதிதாகப் பதிந்தேன். வாசலில் அந்தக் கேள்வி, அதே சொற்களில், அப்படியே இருந்தது.

கையில் இருந்த குறிப்புத் தாளைக் கீழே வைத்தேன். சுற்றிப் பார்த்தேன்.

‘சுவர். ஒரு ஆணி. அதுல என் துண்டு’ என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “வாங்க” என்று வந்தது.